உப்பு லாரி வழியில் கொதிப்பது ஏன்? குற்றவாளி விசிறியா, பெல்ட்டா?

ஆறுமுகநேரி,

உப்பளத்தில் பாரம் ஏற்றிப் புறப்பட்ட லாரி, பாதி வழியில் "புஸ்... புஸ்..." என்று ஆவி கக்கியபடி ரோட்டோரம் நிற்கிறது. டிரைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்து இருக்கிறார். கிளீனர் பையன் குடத்தைத் தூக்கிக் கொண்டு தண்ணீர் தேடி ஓடுகிறான்.

திருச்செந்தூரில் இருந்து காயல்பட்டினம், ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி வழியாகத் தூத்துக்குடிக்கு பஸ்சில் போய் வருகிறவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. அவர்களுக்கு ஒரு நிமிட வேடிக்கை. லாரிக்காரருக்கோ ஒரு நாள் பிழைப்பு போச்சு. விஷயம் முற்றினால் என்ஜினே போச்சு!

யார் குற்றவாளி? பழைய லாரி என்றால் பட்டறையில் முதல் சந்தேகம், ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றும் விசிறி மீதுதான் விழும்.

உள்ளே எரியும் அடுப்பு

டீசலில் உள்ள சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சம் என்ஜினின் இரும்பில் ஏறுகிறது. சிலிண்டருக்குள் டீசல் எரியும்போது சூடு ஆயிரம் டிகிரிக்கும் மேலே. பிஸ்டனோ அலுமினியம். அது 660 டிகிரியில் உருகிவிடும். அந்தச் சூட்டை அவ்வப்போது இறக்கி வைக்க வேண்டாமா?

அந்த வேலைக்குத்தான் தண்ணீர். வாட்டர் பம்பு தண்ணீரை என்ஜினைச் சுற்றி ஓட விடுகிறது. சூடேறிய தண்ணீர் ரேடியேட்டருக்கு வந்து மெல்லிய குழாய்கள் வழியாக இறங்குகிறது. குழாய்களைச் சுற்றி மெல்லிய தகடுகள். அவற்றின் ஊடே காற்று போனால் தண்ணீர் ஆறும். காற்று போகாவிட்டால் ரேடியேட்டர் வெறும் தகரப் பெட்டிதான்!

ஊதுவதா, இழுப்பதா?

லாரி விசிறி காற்றை முன்பக்கம் ஊதுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று, வெளியே இருக்கும் காற்றை முன்பக்கம் இருந்து உள்ளே இழுக்கிறது.

1948-ல் அசோக் மோட்டார்சாகத் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன எண்ணூர் கம்பெனி லாரி ஆகட்டும், 1954-ல் ஓடத் தொடங்கிய டாடா பென்ஸ் லாரி ஆகட்டும், அந்தக் காலத்து ஏற்பாடு ஒன்றுதான். விசிறிக்குத் தனி மோட்டார் கிடையாது. என்ஜினின் கிராங்க் ஷாப்டு சுற்றும். அதன் புல்லியில் மாட்டிய பெல்ட், வாட்டர் பம்பைச் சுற்றும். விசிறி அந்த பம்பின் தலையில் போல்ட் போட்டு உட்கார்ந்து இருக்கும். பல வண்டிகளில் டைனமோவும் அதே பெல்ட்டில்தான்.

ஆகவே பெல்ட் அறுந்தால் ஒரே நேரத்தில் மூன்று சாவு! விசிறி நிற்கும், தண்ணீர் ஓட்டம் நிற்கும், பேட்டரி சார்ஜ் நிற்கும். டாஷ்போர்டில் சார்ஜ் சிவப்பு விளக்கு எரிந்தால், "பேட்டரிதானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்று ஓட்டக் கூடாது. உடனே நிறுத்திப் பெல்ட்டைப் பார்க்க வேண்டும்.

மலை ஏறும்போது தெரியும் சூட்சுமம்

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் பாரத்தோடு ஏறும் லாரி, நடந்து போகிற ஆளைப் போல ஊர்ந்து போகும். முன்னால் இருந்து காற்று மோதாது. ஆனால் முதல் கியரில் என்ஜின் வேகமாகச் சுற்றும். அதோடு சேர்ந்து விசிறியும் வேகமாகச் சுற்றும். பழைய ஏற்பாட்டில் இது ஒரு நல்ல குணம்.

அதற்குச் செலவும் உண்டு. விசிறி வேகம் இரண்டு மடங்கு ஆனால் காற்று இரண்டு மடங்கு வரும். ஆனால் விசிறி தின்னும் சக்தியோ எட்டு மடங்கு! நெடுஞ்சாலையில் காற்று தானாகவே வந்து மோதும்போதும் அது சும்மா சுற்றி டீசலைத் தின்னும். அதனால்தான் பின்னால் வந்த வண்டிகளில் சிலிக்கான் எண்ணெய் ஊற்றிய கிளட்ச் வந்தது. சூடு ஏறினால் பிடித்துச் சுற்றும். ஆறினால் வழுக்கி விட்டுவிடும்.

ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும் காற்றும் லாரியும் ஒரே திசையில் போனால், எதிர்க்காற்று குறைந்துவிடும். அன்றைக்கு எல்லாப் பாரமும் விசிறி தலையில்தான்.

சந்தேகப் பட்டியல்

பட்டறைகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு இது:

"என்னலே, தண்ணி பாத்தியா?"

"பாத்தேன் அண்ணாச்சி, நெறஞ்சுதான் இருக்கு."

"பெல்ட்டு?"

பையன் தலையைச் சொறிவான்!

தண்ணீர் இருந்தும் கொதித்தால் பார்க்க வேண்டியவை:

* தளர்ந்த பெல்ட். என்ஜினை நிறுத்தி, இரண்டு புல்லிக்கு நடுவே கட்டை விரலால் அமுக்கினால் சுமார் அரை அங்குலம் இறங்கலாம். அதிகம் இறங்கினால் வழுக்கும். இறங்கவே இல்லை என்றால் பம்பு பேரிங் போகும்.

* விசிறியைச் சுற்றி இருக்கும் தகரக் கூண்டு. "இடைஞ்சல்" என்று கழற்றி எறிந்து விடுகிறார்கள். கூண்டு இல்லாவிட்டால் விசிறி, ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்தில் உள்ள சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்ப அரைக்கும்.

* முன்பின்னாக மாட்டிய விசிறி. காற்றின் திசை மாறாது. ஆனால் இறக்கையின் வளைவு தப்பாகி, அள்ளும் காற்று குறையும்.

* அடைத்த ரேடியேட்டர். உப்பும் புழுதியும் சேர்ந்து தகடுகளை அடைத்து, அரித்தும் விடும். விசிறிப் பக்கம் இருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். வேகமாக அடித்தால் தகடு மடங்கும்.

* உப்புக் கிணற்றுத் தண்ணீர். அவசரத்துக்கு ஊற்றுவது வேறு. அதையே வழக்கமாக்கினால் உள்ளே பொருக்குக் கட்டி, இரும்பையும் தின்றுவிடும். நல்ல தண்ணீரில் கூலண்ட் கலந்து ஊற்றுவதே சரி.

* தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது. சில என்ஜின்களில் இதனால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, சூடு கூடத்தான் செய்யும்.

இவ்வளவும் சரியாக இருந்தும், ரேடியேட்டர் தண்ணீரில் ஓயாமல் குமிழி வந்தால் விசிறி நிரபராதி. ஹெட் கேஸ்கெட் கிழிந்திருக்கக் கூடும்.

உயிர் விஷயம்

7 ராத்தல் அழுத்த மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 111 டிகிரி வரை அடங்கிக் கிடக்கும். அந்தச் சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், கொதிக்கும் தண்ணீரும் ஆவியும் சீறி முகத்தில் அடிக்கும். கிளீனர் பையன்கள் வெந்து போவது இப்படித்தான்.

மூடியைத் தொட்டால் கை பொறுக்கும்வரை காத்திருங்கள். பிறகும் கனத்த துணி போட்டு, முகத்தை விலக்கிக் கொண்டு, மெதுவாகத் திருப்புங்கள். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். இரும்பு வெடித்து விரிசல் விடும்.

வெந்துவிட்டால் மையும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

என்ஜின் ஓடும்போது பெல்ட் பக்கம் கை நீட்டவே கூடாது. வேட்டி நுனி, துண்டு எதுவும் தொங்கக் கூடாது. மின்சார விசிறி வைத்த புது வண்டிகளில் என்ஜின் நின்ற பிறகும் விசிறி திடீரென்று தானாகச் சுற்றத் தொடங்கும். விரல் போனால் திரும்ப வராது.

புறப்படும் முன் ஒரு நிமிடம் பெல்ட்டை அமுக்கிப் பாருங்கள். பெல்ட்டுக்குப் பார்த்த கஞ்சத்தனத்தை, என்ஜின் வட்டியும் முதலுமாக வசூலித்துவிடும்!