காருமன்று, ஜீப்புமன்று

இலக்கியம் பேசும் பக்கத்தில் மோட்டார் வண்டிக்கு என்ன வேலை என்று வினவுவார் உளராயின், அன்னார் இற்றைநாள் ஆசிரியர் ஓய்வறையொன்றினுள் ஒருமுறை நுழைந்து பார்த்தல் வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி முதலாம் நாள் தனியார் கார்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அன்றுதொட்டு, யாப்பும் அணியும் பேசிய வாய்கள் வெசல் என்றும் றைஸ் என்றும் பேசத் தொடங்கிவிட்டன. இளைப்பாறிய பின்னும் அவ்வறைக்குச் சென்றுவரும் வழக்கமுடைய என் வாயும் அவற்றுள் ஒன்றே.

எனக்கு இது வெறும் பேச்சன்று. எண்பத்திரண்டு வயதான என் தாயாரை மாதம் இருமுறை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். அவருடைய முழங்கால்கள் மடங்க மறுக்கின்றன. முச்சக்கரவண்டியில் ஏறுவது ஒரு வேதனை, தாழ்ந்த காரிலிருந்து எழுவது அதனிலும் பெரிய வேதனை. என் கையிலிருப்பதோ பணிக்கொடையும், விற்ற காணித் துண்டொன்றின் பணமும், வெளிநாட்டிலுள்ள இளைய சகோதரனின் உதவியுமே. ஒருமுறை செலவிட்டால் மறுமுறை வாராத பணம். ஆதலின், பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் மூன்று மாதம் இவ்வண்டிகளைத் திருத்திப் பார்த்தேன்.

முதலில் இவ்வினத்தின் பிறப்பைச் சொல்லவேண்டும். 1941இல் போருக்கெனப் பிறந்த ஜீப்பும், 1948இல் வந்த லாண்ட் றோவரும் ஏணிபோன்ற இரும்புச் சட்டமொன்றின்மேல் உடலை ஏற்றி வைத்தவை. நம் மாட்டு வண்டில் அமைப்பும் ஏறக்குறைய அஃதே: சட்டம் பாரத்தைத் தாங்கும், மேலேயிருப்பது வெறும் கூடு. இக்காலத்துக் கார் அவ்வாறன்று. அது முட்டையோடு போன்றது. ஓடே எலும்பு, ஓடே தோல். அதனால் எடை குறையும், குலுக்கம் குறையும், பெற்றோலும் குறையும். 1994இல் ரொயோட்டா நிறுவனத்தார் றாவ் 4 என்ற வண்டியை வெளியிட்டபோது, காரின் ஓட்டையும் உறுப்புகளையும் எடுத்து ஜீப்பின் தோற்றத்தை அதற்கு உடுத்தினர். அடுத்த ஆண்டே ஹொண்டாவின் சி.ஆர்.வி. வந்தது. குறொஸ் ஓவர் என்று இன்று வழங்கும் குலம் பெருகியது இவ்வாறே. இதனைக் 'கலப்பு வண்டி' எனத் தமிழாக்கலாமென்றால், பெற்றோலாலும் மின்னாலும் ஓடும் ஹைபிரிட்டுக்கும் அப்பெயரே பொருந்திக் குழப்பம் விளைக்கிறது. கலைச்சொல் ஆக்குவோர் இதனைக் கவனிப்பாராக!

ஆகவே, இவ்வண்டிகளை ஜீப்போடு ஒப்பிடுவது வீண். நம் தெருக்களில் ஓடுவனவற்றுட் பெரும்பாலானவை முன்சில்லுகளால் மட்டும் இழுக்கப்படுபவை. மலையும் சேறுமற்ற குடாநாட்டில் நான்கு சில்லு இழுவை யாருக்கு வேண்டும்? உண்மையில் இவை நமக்குத் தருவது ஒன்றே: உயர்ந்த இருக்கை. அதனைப் புதுமையென்றும் சொல்வதற்கில்லை. 1948இல் பிறந்து நம் ஊரை ஒருகாலம் ஆண்ட மொறிஸ் மைனரின் உயரம் ஐந்தடி. நிமிர்ந்து உட்கார்ந்து நிமிர்ந்தே இறங்கலாம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையின்போது அக்கிழவண்டிகள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டவர் இன்னும் இருக்கிறார்கள். இடையில் வந்த கார்கள் அழகுக்கும் வேகத்துக்குமாகத் தாழ்ந்து தாழ்ந்து தரையைத் தொட்டன. குறொஸ் ஓவர் அவற்றை மறுபடி நாற்காலி உயரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது.

என் பட்டியலில் எஞ்சியவை மூன்று. ஹொண்டா வெசல் 2013 திசெம்பரில் யப்பானில் வெளிவந்தது. தடைக்கு முன்னர் இங்கே ஏராளமாக வந்திறங்கிய முதற்றலைமுறை ஹைபிரிட்டையே சொல்கிறேன். ரொயோட்டா றைஸ் 2019 நவம்பரில் வந்தது. அதனை ஆக்குவது டைஹற்சு நிறுவனம். மூன்றாவதான யாரிஸ் குறொஸ் 2020இல், நம் துறைமுகக் கதவு மூடியபின் பிறந்தமையால், ஐந்தாண்டு காலம் நம் தெருக்களுக்கு ஏறத்தாழ அந்நியமாகவே இருந்தது.

அளவுகளைப் பார்ப்போம். றைஸின் நீளம் 3,995 மில்லிமீற்றர், அகலம் 1,695. யாரிஸ் குறொஸ் 4,180க்கு 1,765. வெசல் 4,295க்கு 1,770. ஏழு சென்ரிமீற்றர் அகலம் என்ன பெரிதென்று காட்சிச்சாலையில் தோன்றும். இருபுறமும் மதிலெழுந்த எங்கள் ஒழுங்கையில், எதிரே ஒரு லாண்ட்மாஸ்ரர் வரும்போது, அவ்வேழு சென்ரிமீற்றர் கண்ணாடியைக் காக்கும் அல்லது உடைக்கும். தரைக்கும் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி றைஸிலும் வெசலிலும் 185 மில்லிமீற்றர், யாரிஸ் குறொஸில் 170. மாரி வெள்ளத்தில் இவ்வெண் உதவுமென்று நம்பி வண்டியை இறக்குவோருக்கு ஒரு சொல்: இது கல்லுக்கும் குழிக்கும் உரிய அளவேயன்றித் தண்ணீருக்கு உரியதன்று. எந்திரம் மூச்சிழுக்கும் வாயுள் நீர் புகுந்தால் எவ்வளவு உயர்ந்த வண்டியும் அதே இடத்தில் நின்றுவிடும்.

பின்னிருக்கை விடயத்தில் எனக்கொரு வியப்புக் காத்திருந்தது. மூன்றினுட் சிறியதான றைஸில் கால் நீட்டத் தாராளமான இடமுண்டு. அதனினும் நீண்ட யாரிஸ் குறொஸில் பின்னிருப்போர் சற்று ஒடுங்கவே வேண்டும். வெசலோ இருவரையும் வென்றது. அதன் எண்ணெய்த் தாங்கியை முன்னிருக்கைகளின் கீழே வைத்துவிட்டார்கள். ஆதலால் பின்னிருக்கையின் மெத்தையைத் திரையரங்கு நாற்காலிபோல் மேலே மடித்து, உயரமான பூச்சாடியொன்றை நிமிர்த்தியே ஏற்றலாம். எந்திரவியலாளர் எவரோ ஒருவர், வீட்டுச் சாமான் ஏற்றி அலுத்தவராக இருந்திருக்கவேண்டும்.

"உதென்ன தம்பி, காரோ ஜீப்போ?" என்று கேட்டபடி அம்மா மூன்றிலும் ஏறி இறங்கினார். அவர் பார்த்தது ஒன்றுதான்: ஏறுகையில் உடலைத் தூக்கவும் வேண்டாம், இறங்குகையில் விழவும் வேண்டாம். இடுப்பும் இருக்கையும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். எந்த விளம்பரத்தாளிலும் இவ்வளவு அச்சிடப்படுவதில்லை.

அச்சிடப்படும் எண்களிலே பெரிதாய் மின்னுவது பெற்றோற் கணக்கு. தேர்வு முறையின்படி றைஸின் ரேர்போ எந்திரம் லீற்றருக்கு 18.6 கிலோமீற்றர் ஓடும். யாரிஸ் குறொஸ் ஹைபிரிட் 30ஐ ஒட்டி ஓடும். இத்தேர்வு உருளைகளின்மேல், 23 பாகை வெப்பமுள்ள கூடத்தில், குளிரூட்டியை நிறுத்திவைத்து நடத்தப்படுவது. சித்திரை வெயிலில் குளிரூட்டியின்றி யார் ஓடுவார்? எனினும் அவ்வெண்களையே மெய்யென்று கொள்வோம். ஆண்டுக்கு 6,000 கிலோமீற்றர் ஓடும் எனக்கு மிச்சமாவது ஏறக்குறைய 122 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்றால் 36,600 ரூபா. இரு வண்டிகளின் விலை வேறுபாடு 20 இலட்சமென்று வைத்துக்கொண்டாலும், அதனை மீட்க 54 ஆண்டு வேண்டும். என் வயதில் அவ்வளவு நீண்ட கடன் எவரும் கொடுக்கமாட்டார். நாள்தோறும் கொழும்பு நெரிசலில் நின்று நின்று ஓடுவோருக்குக் கணக்கு வேறாகும்; ஹைபிரிட் தன் திறமையைக் காட்டுவது அத்தகைய ஓட்டத்திலேதான்.

பெற்றோலிலும் பெரியது வரி. நம் நாட்டில் வண்டி விலையின் பெரும்பங்கு வரியாகும். அவ்வரியோ எந்திரத்தின் கன அளவோடு சேர்ந்து ஏறுவது. றைஸின் எந்திரம் 996 கன சென்ரிமீற்றர், யாரிஸ் குறொஸினது 1,490, வெசலினது 1,496. ஆயிரத்துக்கு நான்கு குறைத்து எந்திரம் வடிக்கும் கலையை யப்பானியர் தம் நாட்டு வரிக்காகக் கற்றனர். பயன் நமக்கும் கிட்டியது. மூன்று உருளை எந்திரமாதலின் நிற்கும்போது சிறு நடுக்கமுண்டு. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க இயலாதது ஒன்றுண்டு. 2023 மே மாதத்தில், றைஸின் ஹைபிரிட் வகைக்குரிய பக்கமோதற் சோதனையில் முறைகேடு நடந்ததென டைஹற்சு ஒப்புக்கொண்டது: ஒரு பக்கத்துச் சோதனைப் பேறு மறுபக்கத்துக்கும் உரியதாகக் காட்டப்பட்டிருந்தது. அவ்வாண்டு திசெம்பரில், 64 வகை வாகனங்களில் இத்தகைய முறைகேடுகள் உளவென விசாரணைக் குழு வெளிப்படுத்த, விற்பனைக்கு அனுப்புவதையே நிறுவனம் நிறுத்தவேண்டியதாயிற்று. 2024 ஜூனில் ரொயோட்டாவும் தன் சோதனைகளிற் குறை கண்டதாகக் கூறி, யாரிஸ் குறொஸ் உட்பட மூன்று வண்டிகளின் உற்பத்தியைச் சிலகாலம் நிறுத்தியது. வெசலின் முதல் ஹைபிரிட்டுகளும் 2014இல் கட்டுப்பாட்டு முறைக் கோளாறுகளுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டவையே. நீளத்தை நான் நாடாவால் அளக்கலாம், பெற்றோலை மாதக்கணக்கில் எழுதலாம். மோதலில் அம்மாவின் கதவு எவ்வளவு உள்ளே வரும் என்பதை நான் எங்ஙனம் அளப்பேன்? அதற்காகவே ஒருவர் வைத்த தேர்வில், மாணவன் தன் தாளைத் தானே திருத்திக்கொண்டான். முப்பத்தைந்து ஆண்டு தாள் திருத்திய எனக்கு இது நெஞ்சிலே தைத்தது. 'பின்னர் அரசு மறுபடி சோதித்துச் சரியென்று விட்டதே' என்கிறார் நண்பரொருவர். விட்டதுண்மை. முதன்முறையும் சரியென்றே விட்டார்கள் என்பதும் உண்மை.

ஆயினும் வைத்தியசாலை காத்திராது. பத்தாண்டு ஓடிய வெசலின் மின்கலமும் இரட்டைக் கிளச்சும் எந்நாளில் என்ன கேட்கும் என்ற அச்சம் ஒருபுறம். தடைக்காலத்திற் பழைய வண்டிக்கு ஏறிய விலை மறுபுறம். யாரிஸ் குறொஸ் ஒழுங்கைக்கும் என் பணத்துக்கும் ஒருபடி மேலே நிற்கிறது. ஆதலின் ஹைபிரிட் அல்லாத றைஸையே கொள்வதென முடிவு செய்துள்ளேன். ஏல விற்பனைத் தாளை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, ஓட்டக்கணக்கையும் பழைய பழுதுகளையும் பார்த்தபின்பே முற்பணம் கட்டுவேன்.

வெள்ளவத்தையில் வசிக்கும் என் பெறாமகன் இதே மூன்றையும் பார்த்துவிட்டு வெசலை வாங்கியிருக்கிறான். அவனுக்கு இரு குழந்தைகள். நாள்தோறும் காலி வீதி நெரிசல். ஞாயிறுதோறும் சந்தைச் சாக்கு. அவன் தெரிவிலும் நான் குறை காணவில்லை.