குளவியும் அயலாரும்

குளவி என்றவுடன் தமிழ் கற்போர்க்கு நினைவில் எழுவது, அது புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னுருவாக்கும் என்னும் பழைய உவமையேயாம். அவ்வுவமைக்குரியது மண்ணாற் கூடு கட்டித் தனித்து வாழும் வேட்டுவன் என்னுங் குளவி. அது புழுவைத் தன் குஞ்சுக்கு இரையாக வைப்பதன்றி உருமாற்றுவதில்லை. யாம் ஈண்டுக் கூறப்புகுவதோ, மரநாரைச் சுரண்டி எச்சிலொடு மென்று, காகிதம் போன்ற கூடு சமைத்துக் கூடி வாழுங் குளவிகளைப் பற்றியதாகும். அவை தம் வீட்டாரையும் அயலாரையும் எங்ஙனம் பிரித்தறிகின்றன என்பதே எம் வினா.

இவற்றுட் பலவற்றின் கூட்டிற்கு மதிலுமில்லை, கதவுமில்லை. முட்டையும் புழுவும் திறந்த அறைகளிற் கிடக்கும். எறும்பு ஏறிவரும் வழி கூட்டைத் தாங்கும் காம்பேயாதலின், சில இனங்கள் தம் வயிற்றிற் சுரக்கும் நீரை அதன்மேற் பூசி எறும்பை விலக்குகின்றன. பெரிய உயிர்கள் நெருங்கின், முதலிற் சிறகுயர்த்தி அச்சுறுத்தும், பின்னரே கொட்டும். சிலவற்றின் நஞ்சிலே, உடன் வாழ்வாரைப் போருக்கழைக்கும் மணமுமுண்டு. ஒன்று கொட்டிய இடத்தே பல வந்து கொட்டுவது இதனாலேயாம்.

ஆயின், வருவது தன்னினத்ததேயான வேறொரு கூட்டுக் குளவியாயின் என் செய்வது? உருவும் ஒன்று, நிறமும் ஒன்று. ஈண்டு உதவுவது மணம். குளவியின் மேற்றோலில் மெழுகு போன்றதொரு மெல்லிய படலம் உண்டு. அதன் சேர்க்கை கூட்டிற்குக் கூடு வேறுபடும். காவலிருப்பது, வந்ததை உணர்கொம்பால் தடவிப் பார்க்கும். மணம் பொருந்தின் வழிவிடும். பொருந்தாவிடின் கடித்துத் துரத்தும்.

அவ்வடையாளம் பிறப்பால் வருவதோ, வளர்ப்பால் வருவதோ? நம் நாட்டின் தென்பகுதியிற் பெரிதுங் காணப்படும் ரோப்பலிடியா மார்ஜினேட்டா என்னுங் குளவியைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர் ராகவேந்திர கடக்கரும் அவருடன் உழைத்தோரும் ஆராய்ந்து 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வியக்கத்தக்கது. அறையினின்று வெளிப்பட்டவுடனே பிரித்து வைக்கப்பட்ட குளவி, தன் கூட்டாரை அறிந்திலது, அவராலும் அறியப்பட்டிலது. கூட்டிலும் கூட்டாரோடும் சின்னாள் இருந்ததே அறிந்தது. ஆகவே, அடையாளமும் அதனை அறியும் ஆற்றலும் வீட்டிற் பெறுவனவேயன்றிக் குருதியோடு வருவனவல்ல. 1997-இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி இதனினும் இனியது. வெளிப்பட்டுச் சின்னாளேயான இளங்குளவிகளை அயற்கூட்டில் விட, அவை ஏற்றுக்கொள்ளப்பட்டன. அங்ஙனம் ஏற்கப்பட்டவற்றுட் சில இரைதேடி உழைத்தன. சில பின்னாளில் அக்கூட்டின் அரசியாகவும் ஆயின.

மணமன்றி முகத்தாலறியுங் குளவியும் உண்டு. அமெரிக்காவில் வாழும் போலிஸ்டெஸ் ஃபஸ்கேட்டஸ் என்பதன் முகக்குறிகளை எலிசபெத் திபெட்ஸ் என்னும் அம்மையார் வண்ணந் தீட்டி மாற்றினார். கூட்டார் அதனை முன்னிலும் மிகுதியாய்த் தாக்கினர். குறி மாறாவண்ணம் வண்ணம் பூசப்பட்டவற்றிற்கு அத்துன்பம் நேர்ந்திலது. இஃது 2002-இல் வெளியாயிற்று.

நம்மவர், அயலார் என்று நாம் வகுக்கும் எல்லைகளையும் பிறப்பின்மேலேற்றிப் பேசுதல் உலக வழக்கு. அவற்றுட் பல, நாம் வளர்ந்த வீட்டின் மணமேயன்றி வேறென்ன? கதவில்லாத அச்சிறு கூட்டிலும் அயற்குழந்தைக்கு இடமுண்டு. முதிர்ந்த அயலாருக்கே இல்லை. மணத்தை மீறக் குளவிக்கு இயலாது. பிறனைத் தன்னைப்போல் நேசிக்கக் கற்பிக்கப்பட்ட நமக்கோ, அது கூடாததன்று.