காருக்குள் லேப்டாப்: ஆடாமலும் நிக்கணும், ஆசாமி கண்ணுலயும் படக்கூடாது!

கோவை,

ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறார் ஒருவர். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடி தூள் தூளாக கிடக்கிறது. சீட்டில் இருந்த லேப்டாப் பை அபேஸ். இப்படி ஒரு செய்தியை படிக்காத வாசகர்கள் இருக்க மாட்டார்கள்.

முன்பெல்லாம் லேப்டாப் என்றால் பெரிய கம்பெனி அதிகாரிகளின் சமாச்சாரம். இப்போது அப்படி இல்லை. மருந்து கம்பெனி பிரதிநிதி, பம்பு செட் விற்பனை ஆள், விபத்து வண்டியை பார்க்க வரும் இன்சூரன்ஸ் சர்வேயர், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு சரக்கு செக்கிங் போகிறவர் என்று பலருக்கும் காரே ஆபீஸ். இதில் நிறைய பேர் ஓட்டுவது பழைய ஆல்டோவும் இண்டிகாவும்தான். வண்டிக்கும் தவணை, லேப்டாப்புக்கும் தவணை. கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் தொலைந்த மறு மாதம் சம்பளத்தில் கை வைத்து விடுவார்கள்.

இவர்களுக்கு தேவைப்படுவது காருக்குள் லேப்டாப்பை வைக்க ஒரு ஸ்டாண்டு. மடியில் வைத்து டைப் அடித்தால் கழுத்து பிடிக்கிறது. பக்கத்து சீட்டில் வைத்தால் ஒரு பிரேக் போட்டதும் கீழே விழுகிறது. ஸ்டாண்டு வைக்கலாம் என்றால் வேறு சிக்கல். ஸ்டாண்டு கண்ணில் பட்டாலே "இந்த வண்டியில லேப்டாப் இருக்கு" என்று போர்டு எழுதி மாட்டியது மாதிரி ஆகிவிடும். காலியாக இருந்தாலும் அப்படித்தான். இங்கிலாந்தில் 2000-களில் வழிகாட்டி ஜி.பி.எஸ். கருவிகள் அதிகம் திருடு போனபோது, கருவியை எடுத்த பிறகு கண்ணாடியில் இருக்கும் ரப்பர் வட்டத்தின் தடத்தையும் துடைத்து விடுங்கள் என்று போலீசாரே சொன்னார்கள். தடத்தை பார்த்தே திருடர்கள் கண்ணாடியை உடைத்தார்களாம்!

ஆகவே ஓட்டும்போது அசையாமல் நிற்க வேண்டும், இறங்கிப் போகும்போது இருந்த இடமே தெரியக்கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்குமா? நடக்கும். அதன் விவரம் வருமாறு:-

டாஷ்போர்டு பக்கமே போகாதீங்க

பலரும் முதலில் கை வைப்பது டாஷ்போர்டு. அங்கே பசை போட்டு, ரப்பர் கப்பு வைத்து ஒட்டுகிறார்கள். செல்போனுக்கு அது போதும். ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும் லேப்டாப்புக்கு தாங்காது.

அதைவிட பெரிய ஆபத்து ஏர்பேக். 2021-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி முதல் வந்த புதிய மாடல் கார்களில் முன்பக்கம் டிரைவருக்கு மட்டும் இல்லாமல், பக்கத்தில் இருப்பவருக்கும் ஏர்பேக் கட்டாயம். அது இருப்பது டாஷ்போர்டுக்குள். மோதிய வேகத்தில், கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, மணிக்கு 200 கிலோ மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வெடித்து விரியும். அதன் முன்னால் லேப்டாப் இருந்தால் யார் முகத்துக்கு வரும் என்று சொல்ல வேண்டியது இல்லை. ஸ்டீயரிங்கில் கொக்கி போட்டு மாட்டும் தட்டும் இதே கதைதான். வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்திவிட்டு சாப்பாட்டு தட்டு வைக்க அது சரி. ஓடும் வண்டியில் கூடவே கூடாது.

மோதல் இல்லாமலே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் முட்டி நின்றால், உள்ளே இருக்கும் பொருள் தன் எடையைப்போல் 14 மடங்கு வேகமாக முன்னால் இழுக்கும். 1.3 கிலோ லேப்டாப் அந்த நேரத்தில் 18 கிலோ. சிமெண்டு மூட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதை பசையும் ரப்பரும் பிடித்து நிறுத்துமா?

சூட்சுமம் சீட்டு போல்ட்டில்

அமெரிக்காவில் போலீஸ் ரோந்து கார்களில் பல வருடமாக லேப்டாப் வைத்து ஓட்டுகிறார்கள். அவர்கள் டாஷ்போர்டை நம்புவது இல்லை. தரையில் இருந்து ஒரு கம்பம் எழும்பி வரும். அதன் உச்சியில் தட்டு. சாதாரண கார்களுக்கு இதே மாதிரி விற்கும் கம்பெனிகளும் உண்டு. அதில் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், காரில் ஒரு ஓட்டை கூட போட வேண்டாம். பக்கத்து சீட்டு தரையோடு நாலு போல்ட்டில் நிற்கிறது அல்லவா? அதில் முன்பக்கம் இருக்கும் போல்ட்டை கழற்றி, ஒரு இரும்பு பிளேட்டை அடியில் கொடுத்து, மறுபடி முடுக்கி விடுகிறார்கள். மனுஷனையே தாங்குகிற போல்ட், லேப்டாப்பை தாங்காதா?

ரெடிமேடாக வரும் பிளேட்டுகள் அந்தந்த கார் மாடலுக்கு தனித்தனி அளவு. ஆன்லைனில் படத்தை பார்த்து பணத்தை கட்டிவிட்டு, வந்த பிறகு நம் வண்டிக்கு துளை பொருந்தவில்லை என்று முழிக்கக் கூடாது. நம் ஊரில் இதற்கு வேறு வழி இருக்கிறது. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் தெருவுக்கு தெரு பட்டறை இருக்கும்போது வெளிநாட்டு பார்சலுக்கு ஏன் காத்திருக்கணும்?

பட்டறையில் இதை சொல்லுங்க

பிளேட்டு 5 எம்.எம். கனம் இருந்தால் போதும். சீட்டு போல்ட் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. சீட்டுக்கு அடியில் இருந்து கியர் பக்கம் கொஞ்சம் நீட்டி வரவேண்டும். முனையில் குழாய் நிற்பதற்கு ஒரு சாக்கெட்டு வெல்டிங்.

ரொம்ப முக்கியமானது, குழாயை சாக்கெட்டோடு சேர்த்து வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். ஒரு பின் போட்டு மாட்டி, பின்னை உருவினால் கையோடு வருகிற மாதிரி இருக்கணும். வேலை முடிந்ததும் குழாய், தட்டு எல்லாம் டிக்கிக்குள் போய்விடும். உள்ளே மிச்சம் இருப்பது சாக்கெட்டு மட்டும். மேலே மேட்டை இழுத்து விட்டால் அதுவும் தெரியாது. பளபளவென்று குரோம் பூச்சு கொடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மட்டமான கறுப்பு பெயிண்டு போதும், அழகு பார்க்கிற சாமான் இல்லை இது.

தட்டு அடிக்கும்போது முழுத்தகடாக அடிக்கக் கூடாது. லேப்டாப் காற்று இழுப்பது பெரும்பாலும் அடிப்பக்கம். ஓட்டை போட்ட தகடு, அல்லது நாலு பட்டை வைத்து அடித்தால் சூடு நிற்காது. நாலு ஓரமும் கொஞ்சம் மடித்து, உள்ளே ரப்பர் ஒட்டி விடலாம். திரைக்கு பின்னால் சாய ஒரு தாங்கு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குண்டும் குழியுமான நம் ரோட்டில் திரை ஆடி ஆடி, முதலில் உடைவது கீல்தான்.

இனி எச்சரிக்கை. சீட்டு போல்ட் என்பது உயிர் காக்கிற போல்ட். சீட்டு பெல்ட்டின் இழுவையும் அதன் மேல்தான் வரும். பிளேட்டு 5 எம்.எம். என்றால் போல்ட் அதே 5 எம்.எம். நீளம் கூட வேண்டும். தலையில் 8.8, 10.9 என்று எண் போட்டிருக்கும். பழைய போல்ட்டில் என்ன எண்ணோ அதே எண் வாங்க வேண்டும். கடையில் கிடைக்கிற சாதா போல்ட்டை போட்டு முடுக்கினால் வம்பு. முடுக்கும் அளவையும் சர்வீஸ் சென்டரில் கேட்டு, டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்குவதே சரி. சீட்டுக்கு அடியில் மஞ்சள் கலர் சாக்கெட்டு வயர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பட்டறைக்காரரை தொட விடாதீர்கள், சர்வீஸ் சென்டருக்கே போங்க.

பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் குழாயை கழற்றி விடுவது கட்டாயம். மோதலில் அவர் முட்டி நேரே போய் இடிப்பது அதில்தான். பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு கோவிலுக்கு போகிற நாளில் அது வண்டியிலேயே இருக்க வேண்டாம்.

ஓட்டிக்கொண்டே திரையை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகன சட்டம் 184-வது பிரிவில், ஓட்டும்போது கையில் வைத்து தகவல் தொடர்பு கருவியை பயன்படுத்துவது ஆபத்தான டிரைவிங் கணக்கில் வரும். லேப்டாப் கையில் இல்லை, ஸ்டாண்டில்தானே இருக்கு என்று வாதாடலாம். எதிரே வரும் லாரியிடம் அந்த வாதம் எடுபடாது. ஓடும்போது மூடி வைத்து, நிறுத்தியதும் திறப்பதுதான் முறை.

கரண்டு விஷயம் சுலபம். சிகரெட் லைட்டர் பாயிண்டில் வருவது 12 வோல்ட். 10 ஆம்பியர் பியூஸ் என்றால் 120 வாட் வரை தாங்கும். சின்ன லேப்டாப் 45 முதல் 65 வாட்தான் கேட்கும். டைப்-சி சார்ஜிங் லேப்டாப் என்றால் அதற்கான 65 வாட் கார் சார்ஜர் போதும், இன்வெர்ட்டர் தேவை இல்லை. இறங்கும்போது வயரையும் எடுத்து விடுங்க, தொங்குகிற வயரும் திருடனுக்கு தகவல்தான்.

பூட்டு எவ்வளவு நேரம் தாங்கும்?

லேப்டாப்பின் ஓரத்தில் 7 எம்.எம். நீளம், 3 எம்.எம். அகலத்தில் ஒரு சின்ன ஓட்டை பார்த்திருப்பீர்கள். எதற்கு என்றே தெரியாமல் பல பேர் வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். கென்சிங்டன் பூட்டு மாட்டும் ஓட்டை அது. அதில் பூட்டி, கம்பி வடத்தை சீட்டின் இரும்பு காலில் சுற்றி விடலாம். மெல்லிசான புது மாடல்கள் பலவற்றில் இந்த ஓட்டை இருக்காது, அல்லது இதைவிட சின்னதாக இருக்கும். வாங்கும்போதே பார்க்கணும்.

இந்த பூட்டை நம்பி ராத்திரி முழுக்க காரில் விட்டுப்போகலாமா என்றால், முடியாது. நல்ல கட்டர் இருந்தால் வடம் அறுந்துவிடும். பெட்ரோல் பங்கில் காசு கொடுக்க இறங்குகிற நேரத்தில், கதவை திறந்து சட்டென்று தூக்கிக்கொண்டு ஓடுபவனைத்தான் அது தடுக்கும். அதுவே பெரிய விஷயம்.

இன்னும் பத்திரம் வேண்டும் என்றால் சீட்டுக்கு அடியில் 2 எம்.எம். தகட்டில் பூட்டு வைத்த பெட்டி அடிக்கலாம். 11.6 இஞ்ச் லேப்டாப் ஏறக்குறைய ஒரு அடி நீளம், முக்கால் அடி அகலத்துக்குள் அடங்கிவிடும். சில கார்களில் சீட்டுக்கு அடியில் ஏ.சி. குழாய் போகும், குனிந்து பார்த்து அளவெடுத்துவிட்டு பட்டறைக்கு போங்க.

கறுப்பு பிலிம் ஒட்டினால்?

உள்ளே தெரியாமல் கறுப்பு பிலிம் ஒட்டிவிட்டால் போச்சு என்று நினைப்பவர்கள் உண்டு. 2012 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு கார் கண்ணாடியில் பிலிம் ஒட்டவே தடை போட்டது. பிறகு விதி மாறியதை வைத்து, அளவுக்கு உட்பட்ட பிலிம் ஒட்டலாம் என்று கேரள ஐகோர்ட்டு 2024-ல் கூறியது. ஆனால் அந்த அளவு என்ன? முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கத்து கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே போகணும். கையை குவித்து வைத்து எட்டிப் பார்க்கிறவனுக்கு அந்த வெளிச்சமே ஜாஸ்தி. அபராதம் கட்டியதுதான் மிச்சம் ஆகும்.

"ஆயில் ஒழுகுதுங்க சார்!"

கண்ணாடி உடைப்பவர்கள் ஒரு ரகம். இன்னொரு ரகம் கவனத்தை திருப்பும் ஆசாமிகள். "சார், வண்டியில ஆயில் ஒழுகுது", "டயர் பஞ்சர்ங்க", "கீழ பணம் கிடக்குது, உங்களுதா பாருங்க" என்பார்கள். டிரைவர் இறங்கி குனிவதற்குள் எதிர்ப்பக்க கதவு திறந்து பை போய்விடும். பேங்கில் பணம் எடுத்து வருபவர்களை குறி வைத்த பழைய தந்திரம்தான் இது, லேப்டாப்புக்கும் பலிக்கிறது. யார் என்ன சொன்னாலும் முதலில் சாவியை எடுத்து எல்லா கதவையும் லாக் செய்துவிட்டு அப்புறம் குனியுங்கள். ஆயில் அதற்குள் தீர்ந்து போகாது.

டிக்கியில் வைப்பதிலும் ஒரு நெளிவு சுளிவு இருக்கிறது. நிறுத்தும் இடத்துக்கு வந்து இறங்கி, எல்லோரும் பார்க்க லேப்டாப்பை டிக்கிக்கு மாற்றுவதுதான் பலரின் பழக்கம். நோட்டம் விடுகிறவனுக்கு அதுவே போதும். கிளம்பும் இடத்திலேயே, அல்லது வழியில் ஆளில்லாத இடத்தில் மாற்றிவிட்டு வந்து நிறுத்தினால், இறங்கும்போது வெறும் கையை வீசிக்கொண்டு போகலாம்.

அதற்காக வெயிலில் நாள் முழுக்க விடக்கூடாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2018-ல் வெளியான ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ், உள்ளே காற்று 47 டிகிரி என்று தெரியவந்தது. லேப்டாப்பை அணைத்து வைப்பதற்கே 45 டிகிரிக்கு மேல் கூடாது என்று சொல்கின்றன சில கம்பெனிகள். பேட்டரி உப்பினால் திருடன் வராமலே நஷ்டம். மே மாதத்தில் லேப்டாப் உங்கள் தோளோடு வருவதுதான் நல்லது.

போனால் கிடைக்குமா?

கார் இன்சூரன்சில் உடைந்த கண்ணாடிக்கு கேட்கலாம். உள்ளே இருந்த லேப்டாப்புக்கு சாதாரண பாலிசியில் காசு வராது. தனிப்பட்ட உடைமைகளுக்கு என்று கூடுதல் பிரீமியம் கட்டும் வசதி சில கம்பெனிகளில் இருக்கிறது. அதிலும் லேப்டாப் சேருமா என்று கேட்டு எழுத்தில் வாங்குவது நல்லது.

போலீசில் புகார் கொடுக்கப் போனால் முதலில் கேட்பது சீரியல் நம்பர். அது லேப்டாப்பின் அடியில்தான் ஒட்டி இருக்கும், லேப்டாப்போ திருடனிடம்! ஆகவே இன்றைக்கே அதை திருப்பிப் போட்டு ஒரு போட்டோ, பில்லை ஒரு போட்டோ எடுத்து வீட்டில் இருப்பவர் செல்போனுக்கு அனுப்பி வையுங்கள்.

பட்டறையில் கழற்றிய பழைய சீட்டு போல்ட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். வண்டியை விற்கும்போது பிளேட்டை எடுத்துவிட்டு அதே போல்ட்டைத்தான் திரும்பப் போட வேண்டி இருக்கும்.