திமிர் அல்ல, வியாதி!

இருக்கன்குடி,

ஆடி கடைசி வெள்ளி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் மாரியம்மன் கோவில். எங்கு பார்த்தாலும் மனிதத் தலை! மேளம், குலவை, பஸ் ஹாரன், பலூன்காரன் பீப்பி. இத்தனை இரைச்சலிலும், மைக்கில் நம் பிள்ளை பெயரைச் சொன்னால் சட்டென்று காதில் விழுகிறது.

எப்படி? மூளைக்குள் ஒரு கண்டக்டர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய சத்தத்தை ஏற்றி, வேண்டாததை இறக்கிவிடுவது அவர் வேலை.

மனச்சிதைவு நோய் வந்த பலருக்கு இந்தக் கண்டக்டர் தடுமாறுகிறார். எல்லாம் முண்டியடித்து ஏறுகின்றன. உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு.

மூன்று சாமான்

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

"சீனி, கடுகு, தீப்பெட்டி வாங்கிட்டு, வர்ற வழியில அத்தை வீட்டுல சாவியக் குடுத்துட்டு வாய்யா" என்கிறார் அம்மா. போன மகன் சீனியோடு மட்டும் திரும்புகிறான். சாவி சட்டைப் பையிலேயே இருக்கிறது.

"தின்னுட்டுத் தூங்கத் தெரியுது, இது தெரியலையா? எல்லாம் திமிரு!" என்று அப்பா பாய்கிறார்.

திமிர் இல்லை அய்யா, அதுவும் வியாதிதான்! யாரோ பேசுவது போல் காதில் கேட்கும் குரலையும் வீண் சந்தேகத்தையும் மாத்திரை பெரும்பாலோருக்குக் குறைத்துவிடும். ஆனால் கவனத்தை அது அவ்வளவாக மீட்டுத் தருவதில்லை. "நல்லாத்தானே ஆயிட்டான், ஏன் வேலைக்குப் போகலை?" என்று ஊர் கேட்பது இதனால்தான். ஜெர்மனி டாக்டர் எமில் கிரெப்ளின் இந்தக் கவனக் குறையை நூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்.

டாக்டர்கள் ஒரு சோதனை வைப்பார்கள். 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் எழுதிக் காட்டி, "மை என்ன நிறம்?" என்பார்கள். நமக்கே நாக்கு குழறும். அவர்களுக்கு இன்னும் தாமதம், இன்னும் தப்பு.

பட்டாசு வேலை

இந்த வட்டாரத்தில் பிழைப்பே கவனத்தில்தான் ஓடுகிறது. தேறியவருக்கு வேலை தரலாம், தரவும் வேண்டும். சத்தமில்லாத மூலையில் லேபிள் ஒட்டுவது, பெட்டி அடுக்குவது என்று ஒரே மாதிரி வேலையாக இருக்கட்டும். பட்டாசு மருந்து கலக்கும் அறை மட்டும் கூடாது. அங்கே ஒரு நிமிடம் பிசகினால் பக்கத்தில் இருப்பவனுக்கும் ஆபத்து!

வீட்டில்? ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பேசும்போது டி.வி.யை அணையுங்கள். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம், சிகிச்சையோடு மறுவாழ்வுப் பயிற்சியும் தருகிறது.

ஆத்தாவைக் கும்பிடட்டும், திருநீறு பூசட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது. சங்கிலியும் கூடாது. 2001 ஆகஸ்டு 6-ல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, கட்டிக்கிடந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ம் வருடச் சட்டமே சொல்கிறது.

யோசனை கேட்க 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அரசாங்கத்தின் 'டெலி மனாஸ்' சேவை அது. ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது.