உங்களுக்குத் தெரியுமா? பயணத்துக்கு ஒரு கேமரா

● '1 இன்ச் சென்சார்' என்று விளம்பரம் செய்யப்படும் கேமராவைப் பிரித்து அளந்து பார்த்தால், அந்தச் சென்சாரின் எந்தப் பக்கமும் ஒரு இன்ச் இருக்காது. நீளம் 13.2 மி.மீ., அகலம் 8.8 மி.மீ. அந்தக் காலத்துத் தொலைக்காட்சிக் கேமராக்களில் விடிகான் என்றொரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அதன் வெளிவிட்டத்தை வைத்தே அளவு சொல்லிப் பழகினார்கள். குழாய் ஒழிந்தும் கணக்கு ஒழியவில்லை.

பெயர் எப்படியிருந்தாலும், கடைக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது இந்தச் சென்சாரின் அளவைத்தான். வெளிச்சம் வந்து விழும் நிலம் அது. விலை மலிவான சின்னக் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது 1/2.3 இன்ச், அதன் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. 1 இன்ச் எனப்படுவது 116. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 225. ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 367. ஃபுல் ஃப்ரேம் 864. உச்சி வெயிலில் எடுத்த படங்களை அடுக்கி வைத்தால் எது எதில் எடுத்தது என்று கண்டுபிடிப்பது கடினம். விளக்கு வைக்கும் நேரத்தில், ஒரு கோயில் பிராகாரத்திலோ ரயில்வே பிளாட்பாரத்திலோ எடுத்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

● இன்றைய நல்ல செல்போன்களின் பிரதானக் கேமராவில் இருக்கும் சென்சார், அந்த 1/2.3 இன்ச்சைவிடப் பெரியது. கையில் நல்ல போன் வைத்திருப்பவர், 'தனியாக ஒரு கேமரா இருக்கட்டும்' என்று மலிவான ஒன்றை வாங்கினால் பணத்துக்குப் படம் மேம்படாது. போனைவிட்டு வெளியே வருவதென்றால் குறைந்தது 1 இன்ச்சுக்காவது போக வேண்டும். நெடுந்தூர ஜூம், தண்ணீருக்கடியில் படம் என்று செல்போனால் முடியாத வேலை ஏதாவது இருந்தால் மட்டும் இதற்கு விலக்கு.

● 2010இல் உலகம் முழுக்கக் கடைகளுக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2020இல் அது 90 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அடிபட்டவை பெரும்பாலும் சட்டைப்பைக்குள் போகும் சின்னக் கேமராக்கள். பயணத்துக்கு ஏற்ற சிறிய, நல்ல கேமராக்கள் இன்று குறைவாகவும் விலை கூடியும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

● 12 இன்ச்சுக்கு 8 இன்ச் அளவில், ஃபிரேம் போட்டு மாட்டும் தரத்தில் ஒரு படத்தை அச்சிட எத்தனை மெகாபிக்சல் வேண்டும்? இன்ச்சுக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் 3600-ஐ 2400-ஆல் பெருக்க வேண்டும். 9 மெகாபிக்சல்கூட ஆகவில்லை. 4கே தொலைக்காட்சித் திரைக்கு 8.3 போதும். 12 மெகாபிக்சல் 24 ஆனால் படம் இரண்டு மடங்கு அகலமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அகலம் 1.4 மடங்குதான் கூடும். அகலம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் 48 வேண்டும்.

● '10எக்ஸ் ஜூம்' என்பதற்கு 'பத்து மடங்கு தூரம்' என்று பொருள் இல்லை. லென்ஸின் குவியத் தூரத்தின் நீண்ட முனையைக் குட்டை முனையால் வகுத்தால் வரும் விடை, அவ்வளவுதான். 24-240-உம் பத்து, 28-280-உம் பத்து. கடைக்காரர் பெரிய எண்ணைத்தான் காட்டுவார். நீங்கள் சின்ன எண்ணைப் பாருங்கள். நம் ஊர்ப் பயணங்களில் படத்தை ஆக்குவதும் கெடுப்பதும் பல நேரம் அந்தச் சின்ன எண்தான்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் 72 மீட்டர். கேமராவை நிமிர்த்திப் பிடித்து, மேல்நோக்கிச் சாய்க்காமல், கோபுரம் நேராக நிற்கும்படி முழுதாக எடுக்க வேண்டும். ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 24 மி.மீ. என்றால் ஏறக்குறைய 95 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். 28 மி.மீ. என்றால் 110 மீட்டர். 50 மி.மீ. என்றால் ஏறக்குறைய ஒரு பர்லாங், அதாவது 200 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு தள்ளிப் போனால் நடுவில் மின்கம்பியும் பேருந்தும் பெயர்ப்பலகையும் வந்துவிடும். அருகில் நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் மல்லாந்து விழுவதுபோல் வரும். எத்தனை வீட்டு ஆல்பங்களில் இந்த மல்லாந்த கோபுரத்தைப் பார்த்திருக்கிறேன்! எடுத்தவர் மேல் குறை இல்லை. லென்ஸ் அகலம் போதவில்லை.

● மறுகோடியில், நிக்கான் கூல்பிக்ஸ் பி1000 என்ற கேமரா 2018இல் வந்தது. 24-இல் தொடங்கி 3000 மி.மீ. வரை, 125 மடங்கு ஜூம். நிலவின் பள்ளங்களை வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுக்கலாம். உள்ளே இருப்பது அதே 1/2.3 இன்ச் சென்சார், எடை 1.4 கிலோ. பறவை பார்க்கிறவர்களுக்கு வெயில் இருக்கும்வரை அது வரம். குடும்பத்தோடு நாலு ஊர் சுற்றப் போகிறவர்களுக்குச் சுமை.

● எடை என்றதும் நினைவுக்கு வருவது 1969 ஜூலை. அப்போலோ 11இல் போனவர்கள் நிலவின் தரையில் படமெடுத்த ஹாசல்பிளாட் கேமராவையும் லென்ஸையும் அங்கேயே விட்டுவிட்டு, ஃபிலிம் இருந்த பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு திரும்பினார்கள். அந்த எடைக்கு நிலவுக் கல்லைக் கொண்டுவரலாம் அல்லவா?

நமக்கும் கழுத்து ஒன்றுதான். சோனி ஏ7 IV உடல் 658 கிராம். அதற்கேற்ற 24-70 எஃப் 2.8 லென்ஸின் புதிய பதிப்பு 695 கிராம். கூட்டினால் ஒரு கிலோ 350 கிராம், பையும் சார்ஜரும் தனி. கடையில் இரண்டு நிமிடம் தூக்கிப் பார்க்கும்போது அது எடையாகவே தெரியாது. நான் ஏறக்குறைய அதே எடையுள்ள ஒரு கேமராவோடு ஹம்பியில் ஒரு முழு நாள் நடந்தேன். காலையில் எடுத்தவை நானூறு படங்கள். மதியத்துக்கு மேல் எடுத்தவை முப்பது. வெளிச்சம் அழகாக மாறத் தொடங்கிய நாலரை மணிக்குக் கேமரா விடுதி அறையில் இருந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது பட்ஜெட்டை இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நடப்பீர்கள் என்றுதான்.

● ரிக்கோ ஜிஆர் III பேட்டரியும் கார்டும் சேர்த்து 257 கிராம். சட்டைப்பையில் போகும் உடலுக்குள் ஏபிஎஸ்-சி சென்சார். ஜூம் கிடையாது, 28 மி.மீ. பார்வை மட்டும். ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையும் இப்படித்தான், 35 மி.மீ. பார்வை, மாற்ற முடியாத லென்ஸ். 'இவ்வளவு விலை கொடுத்து ஜூம்கூட இல்லையா' என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய சென்சாருக்கு ஜூம் லென்ஸ் செய்தால் அது பெரிதாகத்தான் வரும். சின்ன உடல், பெரிய சென்சார், நீண்ட ஜூம் மூன்றையும் ஒன்றாகக் கொடுக்க ஒளியியல் இடம் தருவதில்லை. எதையாவது ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

● ஒரே லென்ஸோடு உலகம் சுற்ற முடியுமா? பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரேசோன் பெரும்பாலும் ஒரு சின்ன லைக்காவும் 50 மி.மீ. லென்ஸும் வைத்துக்கொண்டுதான் சுற்றினார். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். அதே மாதம் புதுச்சேரிக்குப் போய் ஸ்ரீ அரவிந்தரையும் எடுத்தார். கேமராவின் பளபளப்பு யார் கண்ணையும் இழுக்கக் கூடாது என்று அதன் உலோகப் பகுதிகளைக் கறுப்பு டேப் ஒட்டி மறைப்பது அவர் வழக்கம்.

● இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள இடங்களில் முன் அனுமதி இல்லாமல் ட்ரைபாட் வைக்கக் கூடாது. தாஜ்மகாலாக இருந்தாலும் மாமல்லபுரமாக இருந்தாலும் இதுதான் விதி. ஆகவே பயணத்துக்கென்று கனமான முக்காலி வாங்கும் முன், கைநடுக்கத்தைத் தாங்கும் ஸ்டெபிலைசேஷன் கேமராவிலோ லென்ஸிலோ இருக்கிறதா என்று பாருங்கள். அசையாத சிலைக்கும் மண்டபத்துக்கும் அது கைகொடுக்கும். ஓடுகிற பேரனுக்கு உதவாது. அது உங்கள் கையைத்தான் நிறுத்தும், அவன் காலை நிறுத்தாது. அங்கே வேண்டியது வேகமான ஷட்டர். அதற்கு வேண்டியது எஃப் எண் சிறிய லென்ஸ். எஃப் 2.8-ஐவிட எஃப் 2 இரண்டு மடங்கு வெளிச்சம் உள்ளே விடும்.

● 1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை எடுத்தார். ஒரே படத்தில் அடங்காததால் 21 நெகட்டிவ்கள் எடுத்து, அச்சிட்டு ஒட்டினார். நீளம் ஏறக்குறைய 19 அடி. இன்று கேமராவை ஒரு வீச்சு திருப்பினால் பனோரமா தயார். அவர் எடுத்ததைப் போல எழுத்து எழுத்தாக வாசிக்க வரவேண்டும் என்றால் மட்டும், இன்றும் பகுதி பகுதியாக எடுத்துத்தான் ஒட்ட வேண்டும்.

● ஒரு சார்ஜில் எத்தனை படம் என்ற எண்ணைப் பெட்டியைத் திறக்கும் முன்பே பாருங்கள். மேலே சொன்ன ரிக்கோவுக்கு அது 200தான். சின்ன உடம்பில் சின்ன பேட்டரிதானே இருக்கும். கூடுதல் பேட்டரி ஒன்றைக் கேமராவின் விலையிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

விமானத்தில் அந்தக் கூடுதல் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும். செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 7.2 வோல்ட், 2280 மில்லிஆம்ப்-மணி கொண்ட ஒரு பேட்டரி 16.4 வாட்-மணிதான். முனைகளில் டேப் ஒட்டி வையுங்கள். சாவிக்கொத்தோடு உரசினால் தீப்பிடிக்கலாம். லே போன்ற குளிர் ஊர்களில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்திருந்து மாற்றினால் மீண்டு வரும்.

● ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்பனைக்கு வரும் டிஜிட்டல் கேமராக்களில் யுஎஸ்பி-சி சார்ஜிங் இருக்க வேண்டும் என்பது சட்டம். போன் சார்ஜரே கேமராவுக்கும் போதும். பழைய மாடல் வாங்குகிறவர்கள் யுஎஸ்பி-சி போர்ட் இருக்கிறதா என்று கவனியுங்கள்; பயணப்பையில் ஒரு சார்ஜர் குறைவது சின்ன விஷயம் இல்லை.

● மெமரி கார்டில் பெரிதாக அச்சிட்டிருக்கும் '170 எம்பி' என்பது பெரும்பாலும் படிக்கும் வேகம், அதுவும் உச்ச வேகம். வீடியோ எடுப்பவருக்கு வேண்டியது எழுதும் வேகம். வி30 என்ற முத்திரை இருந்தால் விநாடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் எழுதும் என்று பொருள். சாதாரண 4கே வீடியோவுக்கு 12.5 எம்பி போதும். மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். பெரிய கார்டு ஒன்றைவிடச் சின்ன கார்டு இரண்டு நல்லது. ஒன்று தொலைந்தாலும் பாதிப் பயணம் மிஞ்சும்.

● மூக்குக் கண்ணாடி போட்டிருப்பவரா? வியூஃபைண்டரில் கண்ணாடியோடு நாலு மூலையும் தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் ஓரளவு பவரை அதிலேயே சரிசெய்யலாம். வியூஃபைண்டரே இல்லாத கேமரா என்றால், கடற்கரை வெயிலில் பின்திரை கறுத்துத்தான் தெரியும்.

● ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டும் இடத்தில் மூடிவைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். நம் கடலோர ஊர்களில் அந்த அளவு சாதாரணம். என்னுடைய ஒரு லென்ஸை ஒரு மழைக்காலம் முழுவதும் தோல் உறையோடு பீரோவில் வைத்திருந்தேன். தை பிறந்து எடுத்துப் பார்த்தபோது கண்ணாடிக்குள் சிலந்தி நூல்போல வெள்ளை இழைகள். சுத்தம் செய்த பிறகும் மேல்பூச்சில் தழும்பு நின்றுவிட்டது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40-50 சதவீதத்தில் நிறுத்தினால் போதும். தோல் உறை வேண்டவே வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் வேர்த்துவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

● 'மழை தாங்கும்' என்பதும் 'தண்ணீரில் போடலாம்' என்பதும் வேறு வேறு. ஒலிம்பஸ் டிஜி-6 போன்றவை 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும். 'மழை தாங்கும்' என்று மட்டும் சொல்பவை தூறலுக்குத்தான். மணலுக்குப் பெரும்பாலானவை தாங்காது, குறிப்பாக நீண்டு மடங்கும் லென்ஸ்கள்.

● விலையுயர்ந்த கேமராவோடு வெளிநாடு போகிறவர்கள், புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் அதைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது 'இது அங்கே வாங்கியதா' என்ற கேள்விக்கு அதுவே பதில். கேமராவின் வரிசை எண் அதில் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

● கடைக்குப் போகும்போது உங்கள் மெமரி கார்டு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அனுமதி கேட்டு, கடைக்குள் இருட்டான மூலையில் பத்துப் படம், வாசலில் வெயிலில் பத்துப் படம் எடுங்கள். லென்ஸ் மாட்டிய கேமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மற்ற மாடல்களைப் பற்றிப் பேசியபடி கால்மணி நேரம் நில்லுங்கள். படங்களை வீட்டில் பெரிய திரையில் பார்த்துவிட்டு மறுநாள் போய் வாங்கலாம்.