இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு தசைநாண்

கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து அழுத்தி, மணிக்கட்டை உள்பக்கமாகச் சற்று மடக்கிப் பாருங்கள். மணிக்கட்டின் நடுவே ஒரு தசைநாண் புடைத்து நின்றால், அது ‘பால்மாரிஸ் லாங்கஸ்’ தசையுடையது. புடைக்கவில்லையா? பயப்பட ஒன்றுமில்லை. மேலைநாட்டுப் பாடநூல்களின் கணக்கில் நூற்றில் சுமார் 15 பேருக்கு அது இருப்பதில்லை. கிழக்காசியர்களிடம் இந்த விகிதம் இன்னும் குறைவு. சிலருக்கு ஒரு கையில் இருக்கும், மறு கையில் இருக்காது. பிடியின் வலுவில் பெரிய வித்தியாசம் தெரியாது.

பிறகு மருத்துவர் ஏன் இதைத் தேட வேண்டும்? காட்பாடிப் பக்கத்துக் கரிகிரி மருத்துவமனைக்கு வந்தால் புரியும். தொழுநோய் முழங்கையருகே அல்நார் நரம்பைத் தாக்கினால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கும். விரல்கள் அடிமூட்டில் பின்னால் வளைந்து, நடுமூட்டில் மடங்கிக்கொள்ளும். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், முன்கையில் நலமாக உள்ள ஒரு தசையைத் திசைதிருப்பி, செயலிழந்த தசைகளின் வேலையைச் செய்ய வைத்தார். நீளம் போதாததால் காலிலிருந்து ‘பிளாண்டாரிஸ்’ என்னும் மெல்லிய நாணை எடுத்து இணைத்து, நான்கு கிளைகளாக விரல்களுக்குக் கொண்டுசென்றார். இத்தகைய அறுவைகளுக்குப் பெயர்பெற்றது 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனை. இழுக்கும் தசையாகப் பால்மாரிஸையே பயன்படுத்தும் முறையும் பின்னர் வந்தது.

கடன் கேட்கப் போகும்முன் அந்த வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும் அல்லவா? பால்மாரிஸைப் போலவே பிளாண்டாரிஸும் சிலருக்கு இருப்பதில்லை. அப்போது தொடையின் உறைச்சவ்விலிருந்து பட்டையை எடுப்பார்கள்.

இப்படிப் பார்க்கத் தவறினால் விளைவு கடுமை. பால்மாரிஸ் நாணுக்கு அடியிலேயே மீடியன் நரம்பு ஓடுகிறது. நாண் இல்லாத கையில் நரம்பையே நாண் என்று எண்ணி வெட்டிய சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. கட்டைவிரலின் சில அசைவுகளும் பெரும்பாலான விரல்நுனிகளின் உணர்வும் அதோடு போய்விடும்.

நரம்புகளிலும் வேறுபாடு உண்டு. சிலருக்கு முன்கையில் மீடியன் நரம்பிலிருந்து அல்நார் நரம்புக்கு ஓர் இணைப்பு செல்கிறது. ‘மார்ட்டின்–க்ரூபர் இணைப்பு’ என்பார்கள். அல்நார் நரம்பு முழங்கையில் பழுதானாலும், இவர்களின் கைத்தசைகள் சில தப்பலாம். இதை அறியாதவர் நோயின் அளவைக் குறைத்து மதிப்பிடக்கூடும்.

பாடநூல் காட்டுவது பெரும்பாலோரின் உடல். மேசையில் படுத்திருப்பவரின் உடல் வேறாக இருக்கலாம். அதனால்தான் அறுவை மருத்துவர் முன்கூட்டியே இரு மணிக்கட்டுகளையும் மடக்கச் சொல்லிப் பார்த்து, நாணின் மேல் மையால் குறியிடுகிறார். மயக்க மருந்து கொடுத்த பிறகு நோயாளியால் விரல்களைச் சேர்த்துக் காட்ட முடியாது.