கிலாவேயாவின் நீராவி வெடிப்புகள்

பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவில், 1916ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட எரிமலைத் தேசியப் பூங்கா ஒன்று உள்ளது. அங்குள்ள கிலாவேயா எரிமலையிலிருந்து கற்குழம்பு பொங்குவதை எல்லா நாளும் காண இயலாது. ஆனால், அதன் உச்சியிலுள்ள பெருங்குழியின் ஓரத்தில், நிலத்தின் வெடிப்புகளிலிருந்து எழும் நீராவியைக் காணலாம்.

இந்த நீராவிக்கு மூலம் மழைநீர்தான். வெடிப்புகளின் வழியே இறங்கும் மழைநீர், கற்குழம்பால் சூடேறிய பாறைகளை எட்டுகிறது. அங்கே ஆவியாகி மீண்டும் மேலெழுகிறது. நீராவி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கும் கேத்தலின் மூக்கருகே சிறிது இடம் வெறுமையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சற்றுத் தள்ளி, குளிர்ந்த காற்றில் நீராவி நுண்துளிகளாக மாறிய பிறகே வெண்புகை போலத் தெரிகிறது. எனவேதான், குளிர்ந்த காலைப் பொழுதில் இக்காட்சி மிகத் தெளிவாக இருக்கும். உச்சி ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்குக் குளிருக்குக் குறைவில்லை. கடற்கரை உடையிலேயே வந்து நடுங்குபவர்களும் உண்டு!

சுற்றிலும் நோக்கினால் மற்றொரு வியப்பு. அருகில் மழைக்காடு அடர்ந்திருக்க, இங்கு மட்டும் மரங்களே இல்லை. சில அடி ஆழத்திலேயே மண் கடுஞ்சூடாக இருப்பதால், ஆழ வேர்விடும் மரங்கள் பிழைப்பதில்லை. மேலோட்டமாக வேரூன்றும் புல்லும் சிறு செடிகளுமே வளர்கின்றன.

சிறிது தூரம் நடந்தால் கந்தகத் திட்டு வரும். அழுகிய முட்டை நாற்றமே அதற்கு வழிகாட்டி. அங்கு நீராவியுடன் எரிமலை வாயுக்களும் வெளியேறி, பாறைகளில் மஞ்சள் நிறக் கந்தகப் படிகங்களை உருவாக்குகின்றன. இருதய நோயாளிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், கருவுற்ற பெண்கள், சிறு குழந்தைகள் ஆகியோர் அப்பகுதியைத் தவிர்க்க வேண்டும்.

அமைதியாக எழும் நீராவிக்கு வேறொரு முகமும் உண்டு. 1924ஆம் ஆண்டில் கிலாவேயாவின் கற்குழம்பு ஏரி வடிந்து தாழ்ந்தது. நிலத்தடி நீர் சூடான பாறைகளுக்குள் புகுந்து, அடைபட்ட நீராவி வெடித்ததாக அறிவியலாளர்கள் விளக்கினர். அவ்வாண்டு மே மாதத்தில் டன் கணக்கில் எடையுள்ள பாறைகள் வானில் வீசப்பட்டன. பள்ளத்தை மிக நெருங்கிச் சென்ற ஒருவர் உயிரிழந்தார்.

இன்று நீராவி வெடிப்புகளைச் சுற்றித் தடுப்புக் கம்பிகள் உள்ளன. நீராவி தோலில் பட்டு நீராகும்போது தன்னுள் இருந்த வெப்பத்தையும் வெளியிடுகிறது. ஆகவே, கொதிநீரைவிட அது கடுமையாகச் சுடும். மேலும், வெடிப்பின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதைப் புல் மறைத்துவிடும்.